பிந்தி வருபவரின் நேரம்

சைக்கிள் ஓட்டப் போட்டி என்றதும் எமது மனக்கண்ணில் தோன்றுவது ஒரே காட்சிதான். வீதியின் குறுக்கே ஒரு நூல். அதை முதலில் மார்பால் அறுப்பவருக்கு மாலை, கிண்ணம், கைதட்டல். பின்னால் வருபவர்களை எவரும் பார்ப்பதில்லை. கூட்டம் கலையும் நேரத்தில் கடைசியாக வருபவர் தனது சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இதற்கு மாறான ஒரு போட்டி உண்டு. அதன் பெயர் கேப் எபிக். தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்து மலைகளில், வழக்கமாக மார்ச் மாதத்தில் எட்டு நாட்கள் இது நடைபெறுகின்றது. அங்கே ஒருவர் முதலாவதாக வந்து எல்லைக் கோட்டைத் தாண்டினாலும் கடிகாரம் நிற்பதில்லை. அவர் கோட்டுக்கு அப்பால் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய துணைவர் வந்து கோட்டைத் தாண்டும் அந்தக் கணத்தில்தான் அந்தக் குழுவின் நேரம் எழுதப்படுகின்றது. பிந்தி வருபவரின் நேரமே குழுவின் நேரம்.

"காணியும் வீடும் இழந்து இருக்கின்ற எங்களுக்கு, எங்கோ ஒரு நாட்டு மலையில் நடக்கும் விளையாட்டைப் பற்றி என்ன கதை?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், சைக்கிளின் பெறுமதியை எம்மைப் போல் அறிந்தவர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை. எண்ணெய்த் தடை இருந்த 1990களில் நோயாளியும் நெல்மூடையும் விறகும் பிள்ளைகளும் சைக்கிள் கரியரில்தான் பயணம் செய்தார்கள். ஆகவே சைக்கிளைப் பற்றிப் பேச எமக்கு உரிமை உண்டு. இந்தப் போட்டியின் ஒரு விதியைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயமும் உண்டு. அதையே இங்கு எழுதுகின்றேன்.

மலைச் சைக்கிள் வந்த கதை

மலைச் சைக்கிள் ஓட்டம் பழைய விளையாட்டு அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் என்ற மாவட்டத்து இளைஞர்கள் சிலர் 1970களில் பழைய, தடித்த ரயர் பூட்டிய சைக்கிள்களைத் தேடி எடுத்தார்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிறேக் பிடிக்கும் அந்தக் காலத்துச் சைக்கிள்கள் அவை. அவற்றை மலைக்கு ஏற்றி, மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான ஒரு மண்பாதையில் ஏறத்தாழ 400 மீற்றர் இறக்கம் ஓடினார்கள். கீழே வந்து சேரும்போது பிறேக்கில் இருந்த கிறீஸ் சூடேறிப் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபாக்’ என்று பெயர் வந்தது. மீண்டும் அடைத்தல் என்பது அதன் பொருள். அங்கு முதற் போட்டி 1976 ஒக்டோபர் 21ஆம் திகதி நடந்தது.

இருபது ஆண்டுகளில் அந்த விளையாட்டு ஒலிம்பிக் வரை சென்றது. 1996இல் அத்லாண்டா நகரில் மலைச் சைக்கிள் ஓட்டம் முதல் தடவையாகச் சேர்க்கப்பட்டபோது நெதர்லாந்தின் பார்ட் பிரென்ஜென்சும் இத்தாலியின் பாவோலா பெற்சோவும் தங்கம் வென்றார்கள். ஒலிம்பிக்கில் இது தனியாள் போட்டி. 1999 முதல் உலகச் சம்பியன் போட்டியில் குழுவாக ஓடும் அஞ்சல் ஓட்டமும் உண்டு. ஆனால் அதில் ஒருவர் ஓடும்போது மற்றவர்கள் தமது முறை வரும்வரை காத்து நிற்பார்கள். ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் விடாமல் ஓடும் முறை வேறு. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளைக் குறுக்கறுக்கும் ‘ட்ரான்ஸ் அல்ப்’ போட்டி 1998இல் தொடங்கியபோது இருவர் இருவராகவே ஓடினார்கள். 2004இல் கெவின் வேமார்க் என்ற தென்னாபிரிக்கர் தொடங்கிய கேப் எபிக்கும் இருவர் குழு முறையையே எடுத்துக்கொண்டது.

இரண்டு நிமிட விதி

எட்டு நாட்களில் ஓட வேண்டிய தூரம் 600 முதல் 700 கிலோமீற்றர் வரை. ஏற வேண்டிய ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 15,000 மீற்றர் வரும். எமது பீதுருதாலகால மலை 2,524 மீற்றர். அதைக் கடல் மட்டத்திலிருந்து ஆறு தடவை ஏறுவதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தார் வீதியில் அல்ல. கல்லும் மணலும் முள்ளும் நிறைந்த பாதையில், வெயிலிலும் எதிர்க்காற்றிலும். இரவில் கூடாரத்தில் படுக்கை. விடிய முன்னர் எழுந்து மீண்டும் ஓட்டம்.

இந்தப் பயணத்தில் குழுவின் இருவருக்கும் இடையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. வழியில் நேரம் பார்க்கும் இடங்களிலும் முடிவிடத்திலும் இது கணக்கிடப்படும். மீறினால் ஒரு மணித்தியாலம் தண்டனையாகக் கூட்டப்படும். ஒருவர் காயத்தாலோ நோயாலோ விலகிவிட்டால் மற்றவர் விரும்பினால் தொடர்ந்து ஓடலாம். ஆனால் அந்தக் குழுவுக்கு இனித் தரவரிசை கிடையாது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவர் எவரையும் வென்றவர் ஆகமாட்டார்.

இந்த விதி வெறும் விளையாட்டு ஒழுங்கு மட்டும் அல்ல என்பது எனது அபிப்பிராயம். ‘வெற்றி’ என்ற சொல்லுக்கே அது வேறொரு பொருளைத் தருகின்றது. ஓட்டத்தின் அளவுகோலைப் பலமானவரின் கையிலிருந்து எடுத்து, களைத்தவரின் கையில் கொடுக்கின்றது. அளவுகோல் கைமாறியதும் பலமானவரின் மனமும் மாற வேண்டி வருகின்றது. துணைவரை விட்டு ஓடுவதால் அவருக்கு ஒரு விநாடி கூட இலாபம் இல்லை. எஞ்சியிருக்கும் தமது பலத்தை வைத்து அவர் செய்யக்கூடிய பயனுள்ள காரியம் ஒன்றே ஒன்றுதான்: துணைவரை வேகமாக்குவது.

இருவருக்கும் கடமை உண்டு

அதை எப்படிச் செய்வது? இந்த ஓட்டத்தில் அனுபவப்பட்டவர்கள் கைக்கொள்ளும் முறைகள் கவனிக்கத்தக்கவை.

சமதரையில் எதிர்க்காற்று வீசும்போது பலமானவர் முன்னால் போவார். அவருடைய பின்சில்லை ஒட்டி வருபவருக்குக் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறையும். வரம்பில் நடக்கும்போது பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நடந்த பிள்ளைகளுக்கு இது விளங்கும்.

ஏற்றத்தில் ஒழுங்கு மாறும். அங்கே களைத்தவரை முன்னால் விட்டு, அவருடைய வேகத்தில் மற்றவர் பின்தொடர்வது நல்லது. ஏனென்றால் பலமானவர் முன்னால் ஏறினால், பின்னால் வருபவர் விட்டுவிடக் கூடாதே என்று தமது சக்திக்கு மேல் மிதிப்பார். அரை மணித்தியாலத்தில் முடிந்துபோவார். சில நேரங்களில் முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளிவிடுவதும் உண்டு. சறுக்கலான இறக்கத்தில், பாதையைக் கண்டு ஓடத் தெரிந்தவர் முன்னே செல்வார். மற்றவர் அவருடைய தடத்திலேயே வருவார். ஆக, ‘முன்னால் போகின்றவர் தலைவர்’ என்ற நிரந்தர ஏற்பாடு அங்கு இல்லை. இடத்துக்கும் தேவைக்கும் ஏற்ப முன்னும் பின்னும் மாறுகின்றது.

களைத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. கடும் முயற்சியில் இரண்டு மணித்தியாலம் அளவில் உடல் சேர்த்து வைத்த மாச்சத்து தீரத் தொடங்கும். அதற்கு முன்னரே சிறிது சிறிதாக உண்ணவும் குடிக்கவும் வேண்டும். தவறினால் திடீரெனக் கால் ஓடாது, தலை சுற்றும், சிந்தனை மங்கும். அந்த நிலைக்கு வந்த பின்னர் உண்டாலும் உடல் திரும்ப நெடுநேரம் எடுக்கும். ஆகவே களைப்பு வருகின்றது என்று உணர்ந்தவுடனேயே "கொஞ்சம் மெதுவாகப் போவோம்" என்று துணைவரிடம் சொல்ல வேண்டும். வெட்கத்தினால் மறைத்தால் மறைத்தவர் மட்டும் அல்ல, இருவரும் தோற்பார்கள். பத்து நிமிடம் மெதுவாக ஓடிச் சரிசெய்யக்கூடிய ஒன்று, மறைத்ததினால் இரண்டு மணித்தியால இழப்பாகிவிடும்.

எமது மக்களிடம் இந்த வெட்கத்தை நான் மிகுதியாகக் கண்டிருக்கின்றேன். இரண்டு வேளை அடுப்பு எரியாத வீட்டில், "சாப்பிட்டாச்சுது ஃபாதர்" என்று சிரித்துக்கொண்டு சொன்ன தாய்மாரை எனக்குத் தெரியும். கடன் முற்றி நகை ஏலம் போன பின்னரே சங்கத்துக்குச் சொன்ன விவசாயிகளையும் தெரியும். தன்மானம் பெரிய சொத்து. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூட ஓடுபவரிடம் நேரத்தோடு சொல்வது பிச்சை அல்ல. அது குழுவுக்குச் செய்யும் கடமை.

நான் முந்திப் போன நாள்

இந்த விதி என் மனதைத் தொட்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்த இரவை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். மழை, இருட்டு, நாவற்குழிப் பக்கம் அசைய முடியாத சனம். அப்பா சைக்கிள் கரியரில் அம்மம்மாவை இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். அம்மா தங்கையைப் பிடித்திருந்தா. என்னிடமும் ஒரு சைக்கிள். அதில் ஒரு அரிசிப் பை மட்டும். கூட்டத்தில் இடைவெளி கண்ட இடமெல்லாம் நுழைந்து நுழைந்து, நான் வீட்டாரை விட்டு முன்னே வந்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று அப்போது எனக்கு நினைப்பு.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் பிடித்து இரவு முழுவதும் காத்திருந்தேன். மறுநாள் பின்னேரம்தான் அவர்கள் வந்தார்கள். அம்மம்மாவுக்குக் காய்ச்சல். அப்பாவின் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. "நான் நேற்றே வந்திட்டன்" என்று சொன்னேன். அப்பா கோபிக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, "நீ நேற்று வந்தனி. நாங்கள் இண்டைக்குத்தான் வந்தனாங்கள்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பல ஆண்டுகளுக்குப் பின் கேப் எபிக் விதியைப் பற்றி வாசித்தபோது, அப்பா சொன்ன அதே கணக்கை அங்கே எழுதி வைத்திருக்கின்றார்கள் என்று எனக்குப் பட்டது. என் கையில் இருந்த சைக்கிளில் அம்மம்மாவின் பாரத்தில் பாதி நேரமாவது வந்திருக்கலாம். மாறி மாறி உருட்டியிருக்கலாம். நான் முந்தி வந்ததனால் எமது குடும்பம் ஒரு நிமிடம் கூட முந்தி வந்து சேரவில்லை.

சில ஆட்சேபனைகள்

இந்த விதியை ஏற்காதவர்கள் சொல்லும் நியாயங்களையும் பார்க்க வேண்டும்.

முதலாவது: "திறமைசாலியை இது கட்டிப் போடுகின்றது." நடந்ததைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சுவிற்சர்லாந்தின் கிறிஸ்தோப் சவுசர் உலகச் சம்பியனாக இருந்தவர். கேப் எபிக்கை அவர் ஐந்து தடவை வென்றார். ஒரு தடவையும் தனியாக வெல்லவில்லை. 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் அவருடைய துணைவர் தென்னாபிரிக்க இளைஞரான பேரி ஸ்டாண்டர். 2013 ஜனவரி 3ஆம் திகதி பயிற்சி ஓட்டத்தின்போது வாகனம் மோதி ஸ்டாண்டர் இறந்தார். வயது 25. அடுத்த மார்ச் மாதம் சவுசர், செக் நாட்டின் யாரொஸ்லாவ் குல்ஹாவியோடு மீண்டும் அதே போட்டியில் இறங்கி வென்றார். குல்ஹாவி முந்திய ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் தனியாளாகத் தங்கம் வென்றவர். தனியே வெல்லத் தெரிந்த இந்த இருவரும் இன்னொருவருடைய வேகத்துக்குத் தம்மைப் பொருத்திக்கொள்வதைத் தாழ்வாக நினைக்கவில்லை.

இரண்டாவது: "இது பணக்காரரின் விளையாட்டு." இதில் உண்மை உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஒரு குழுவின் நுழைவுக் கட்டணமே அந்த நாட்டில் குறைந்த கூலி பெறும் ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை விஞ்சும். சைக்கிளின் விலை அதற்கும் மேலே. போட்டி கடந்து செல்லும் ஸ்டெலன்பொஷ் பகுதியின் திராட்சைத் தோட்டங்களுக்கு அருகிலேயே, நிறவெறிக் காலத்தில் கறுப்பு மக்களுக்கென ஒதுக்கப்பட்ட கயமண்டி என்ற நெருக்கமான குடியிருப்பு இருக்கின்றது. இருவருக்கிடையில் இரண்டு நிமிட இடைவெளியைப் பொறுக்காத போட்டி, இரண்டு ஊர்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்தக் குறையை உணர்ந்தே சவுசர், கயமண்டியைச் சேர்ந்த நண்பர் சொங்கோ பிபாசாவோடு சேர்ந்து 2008இல் அங்குள்ள பிள்ளைகளுக்குச் சைக்கிளும் பயிற்சியும் படிப்பு உதவியும் கொடுக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பெரிய இடைவெளிக்கு அது சிறிய முயற்சிதான். ஆனால் விதியை எல்லைக் கோட்டுக்கு அப்பாலும் கொண்டுபோக வேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றியிருக்கின்றது.

மூன்றாவது: "தண்டனைக்குப் பயந்து பக்கத்தில் ஓடுவது அன்பாகுமா?" ஆகாது. இரண்டு நிமிடத்தை அளக்கலாம். பொறுமையை அளக்க முடியாது. பக்கத்திலேயே ஓடிக்கொண்டு ஒருவரை ஒருவர் சினந்து பேசலாம். பேசாமலே நோகடிக்கவும் செய்யலாம். அப்படி நாளடைவில் மனம் கசந்து போகும் குழுக்களும் உண்டு. ஆனாலும் நல்ல விதி ஒன்று நல்ல பழக்கத்துக்கு வழி திறக்கும். முதல் நாள் தண்டனைக்குப் பயந்து திரும்பிப் பார்ப்பவர், எட்டாம் நாள் பழக்கத்தினால் திரும்பிப் பார்க்கக் கூடும்.

சுனாமிக்குப் பின் வந்த சைக்கிள்கள்

இந்த விளையாட்டுக்கும் எமது நாட்டுக்கும் நேரடியான ஓர் உறவும் உண்டு. மலைச் சைக்கிள்களுக்குக் கியர் முதலிய பாகங்கள் செய்யும் பெரிய கம்பனிகளுள் ஒன்று, 1987இல் சிக்காகோ நகரில் தொடங்கிய ஸ்ராம். அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான எப்.கே. டே, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர், தமது மனைவியான புகைப்படக் கலைஞர் லியா மிஸ்பாக் டேயோடு சேர்ந்து 2005இல் ‘வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்’ என்ற நிறுவனத்தை உருவாக்கினார். அதன் முதல் வேலை இலங்கையில்தான். வேர்ல்ட் விஷனோடு இணைந்து 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வழங்கப்பட்டன. தொழிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் போய்வர அவை உதவின.

இங்கு பெற்ற அனுபவத்தோடு அவர்கள் ஆபிரிக்காவுக்குச் சென்றார்கள். சம்பியா நாட்டில், எயிட்ஸ் நோயாளிகளை வீடு வீடாகச் சென்று பராமரித்த தொண்டர்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். பிறகு கிராமத்துப் பாதைக்கென்றே ‘பஃபலோ’ என்ற உறுதியான சைக்கிளைச் செய்தார்கள். அதன் கரியரில் 100 கிலோ பாரம் ஏற்றலாம். போட்டிச் சைக்கிள் பாரத்தைக் குறைக்கக் குறைக்க விலை ஏறுகின்றது. அதில் கரியரே இல்லை. பஃபலோ சைக்கிளின் பெருமையோ அதன் கரியர்தான். ஒன்று ஆளை முந்தவைக்கச் செய்யப்பட்டது. மற்றது பின்னால் நிற்பவரையும் ஏற்றிக்கொண்டு வரச் செய்யப்பட்டது. ஒரே தொழிலில் இருந்தவரின் கையிலிருந்துதான் இரண்டும் வந்தன.

எதை வைத்து அளப்பது?

மீள்குடியேற்றம் பற்றிப் பேசும்போது எத்தனை குடும்பங்கள் போய்விட்டன, எத்தனை வீடுகள் கட்டியாயிற்று, எத்தனை ஏக்கர் விதைத்தாயிற்று என்று எண்ணிக்கை சொல்கின்றோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவை முந்தி வந்தவர்களின் நேரம். 1990இல் எழும்பிய வலிகாமம் வடக்குக் காணிக்கு இன்னும் திரும்பாத குடும்பம் இருக்கின்றது. உறுதி தொலைந்ததனால் வீட்டுத்திட்டம் கிடைக்காத விதவை இருக்கின்றார். கிணறு இறைக்க ஆள் இல்லாமல் தரிசாய்க் கிடக்கும் தோட்டம் இருக்கின்றது. கேப் எபிக் விதிப்படி கணக்கெடுத்தால், கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றது.

அதிகாரிகள் இந்தக் கணக்கை ஏற்கும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. எமது கமக்காரர் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம். கூட்ட அறிக்கையில் முதல் வரியாக, எமது சங்கத்தில் இப்போது பின்னால் நிற்கும் குடும்பம் எது, அவர்களுக்கும் எமக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். நீர் இறைக்கும் இயந்திரம் வைத்திருப்பவர் எதிர்க்காற்றில் முன்னே போகட்டும். எந்த வேலையை எப்போது தொடங்குவது என்பதைக் களைத்தவர் சொல்லட்டும். களைத்தவரும் வெட்கப்படாமல் நேரத்தோடு வாய் திறக்கட்டும்.

அப்பா இப்போது இல்லை. அந்தச் சைக்கிளும் பிறகு வன்னியில் எங்கோ கைவிடப்பட்டது. ஆனால் எந்தக் கூட்டத்திலாவது "நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம்" என்று எவராவது பெருமையோடு சொல்லும்போது, பள்ளிக்கூட விறாந்தையில் காத்திருந்த அந்த இரவு எனக்கு நினைவுக்கு வரும். பாதையைத் திரும்பிப் பார்ப்பேன். அங்கே இன்னும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றார்கள்.